ஈரச் சாக்கில் நூறு பருப்பு

போன வாரம், பாஸ்போர்ட் போட்டோவுக்கு மகள் ஒவ்வொரு தடவையும் சரியாகக் கண்ணை மூடிக்கொண்ட கதையோடு நிறுத்தியிருந்தேன். ‘சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு அத்தனை தூரம் போகப் பயமாக இல்லையா?’ என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார்.

இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயம் ஒரே ஒரு முறை உருப்படியாக ஒரு வேலை செய்தது.

ஒரு நனைந்த சணல் சாக்கு. பாயைப் போலச் சுருட்டி, இரண்டு முனையிலும் கயிறு கட்டியது. ஜாம்பியாவில், என் கணவர் செந்தில் குத்தகைக்கு எடுத்திருந்த பண்ணையின் ஷெட்டில், ஒரு டீசல் பேரலின் மேல் அது இருந்தது. ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த செல்போனில் நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் காலை பத்து மணி. அவருக்கு ஆறரை.

"அவுக்கட்டுமா?"

"அவுங்க. மெதுவா."

சாக்கைப் பிரித்தார். உள்ளே வரிசைக்குப் பத்தாக நூறு நிலக்கடலைப் பருப்பு. நான்கு நாளைக்கு முன்னால் வைத்தது. முளைத்திருந்தால் இதற்குள் வெள்ளையாக மூக்கு நீட்டியிருக்க வேண்டும். சிலது நீட்டியிருந்தது. மற்றதெல்லாம் கொழகொழவென்று, மேலே சாம்பல் பூத்துக் கிடந்தது.

அவர் எண்ணினார். திரும்ப ஒரு தடவை எண்ணினார்.

"நாப்பத்தொண்ணு, கவி."

அவருக்குப் பின்னால், விதைக்கும் கருவியை மாட்டிய டிராக்டர் வயலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. இரண்டு நாளாக அங்கே நல்ல மழை. மறுநாள் காலையில் நாற்பது ஏக்கரிலும் இதே பருப்பை விதைப்பதாக இருந்தது.

எதிர்த் திசையில் போனவர்

எங்கள் பக்கத்தில் வெளிநாடு என்றால் சிங்கப்பூர், துபாய், சவுதி. போய்ச் சம்பாதித்துவிட்டு வந்து ஊரில் நிலம் வாங்குவார்கள். வீட்டுக்கு முன்னால் கிரானைட் பதித்த படி கட்டுவார்கள். இது எல்லாருக்கும் புரியும்.

செந்தில் செய்தது யாருக்கும் புரியவில்லை. நான்கு வருஷம் ஜாம்பியாவில் ஒரு கம்பெனியில் டிராக்டர் மெக்கானிக்காக இருந்தார். திரும்பி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கூட வேலை பார்த்த இரண்டு நண்பர்களோடு சேர்ந்து, அங்கேயே நானூறு ஏக்கரைக் குத்தகைக்கு எடுக்கக் கிளம்பிவிட்டார். பெரும்பகுதி மக்காச்சோளம், சோயா. நாற்பது ஏக்கர் மட்டும் கடலை. கடலை அவருடைய ஆசை. கூட்டாளிகள் சரியென்றது அவருக்காகத்தான்.

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா என்னிடமே கேட்டார்.

"ஏத்தா கவிதா, எல்லாரும் வெளிநாட்டுல சம்பாதிச்சு இங்க நெலம் வாங்குறாங்க. ஒம் புருசன் மட்டும் என்ன, இங்க இருந்து போயி அங்க நெலம் புடிச்சிருக்கு?"

"இங்க நானூறு ஏக்கர் யாருக்கா குடுப்பா?"

"குடுத்தாலும் யாரு களை எடுக்குறது, அதைச் சொல்லு!"

எங்களுக்கு ஊரில் இருந்தது மூன்று ஏக்கர். ஒரு வரப்பில் நின்று கூப்பிட்டால் மறு வரப்பில் கேட்கும். நானூறு ஏக்கரில் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும் என்பதே எனக்கு ஒரு கவலையாக இருந்தது. சிரிக்காதீர்கள். மகள் எங்காவது ஓடிவிட்டால்?

பத்து நிமிடம்

நான் ஒரு முடிவைச் சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டு மாற்றுகிறவள். கல்யாணப் புடவையின் நிறத்தை மூன்று தடவை மாற்றினேன். ஆலங்குடியில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். பிரசவத்துக்கு விட்ட அந்த வேலையில் திரும்பச் சேர்வதாக இரண்டு தடவையும், சேரவில்லை என்று இரண்டு தடவையும் சொல்லியிருக்கிறேன். இது செந்திலுக்கு நன்றாகத் தெரியும். பேசி முடித்ததும் போனைப் பைக்குள் போட மாட்டார், கையிலேயே வைத்திருப்பார்.

கடலை நல்லபடி முளைத்துவிட்டால் பொங்கல் கழித்து நானும் மகள் யாழினியும் அங்கே போவது, இல்லையென்றால் இன்னொரு வருஷம் தள்ளிப்போடுவது என்று பேசி வைத்திருந்தோம். அவர் போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. நான்கு வயது யாழினி போன் திரையை அப்பா என்றே நினைக்க ஆரம்பித்திருந்தாள். சார்ஜ் குறைந்தால், "அப்பாவுக்குப் பசிக்குது" என்று சொல்லி வயரைத் தேடுவாள்.

"வர்றியா கவி? நீ சரின்னு சொன்னாப் போதும்" என்பார் செந்தில். வாரேன் என்பேன். பிறகு பத்து நிமிடம். கொசுக் காய்ச்சல் வந்தால்? ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேரம் தள்ளி இருக்கிறதாமே. மகளுக்குத் தமிழ் மறந்துபோனால்? நான் அங்கே போய் என்ன செய்வேன், மூன்று வேளை சமைத்துப் போடுவதைத் தவிர?

எல்லாவற்றுக்கும் மேலே என் மாமியார். மாமா இறந்த பிறகு அந்த வீட்டில் அவரும் நாங்களும்தான். நாத்தனார் ஆலங்குடியில் இருக்கிறார், வாரம் ஒரு முறை வந்து போவார். போகாதே என்று அத்தை ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சும்மா இருப்பார். செந்தில் கூப்பிட்டால் தூரத்தில் இருந்தே, "சாப்டானான்னு கேளு" என்பார். போனைக் கையில் வாங்க மாட்டார். மற்றபடி, காய் நறுக்கும்போது யாரிடமோ சொல்வதைப் போல ஒன்று வரும்.

"அங்கிட்டுப் பாம்பு ஆளு ஒசரம் எந்திரிச்சு நிக்குமாம்."

யார் சொன்னது என்று கேட்டால் அடுத்த காயை எடுத்துக்கொள்வார்.

சூம்பல் மட்டும்

சாக்கு விஷயம் புரிய வேண்டுமானால் எங்கள் வீட்டுக் கார்த்திகை மாதத்தைச் சொல்ல வேண்டும்.

மார்கழியில் கடலை விதைப்போம். அதற்கு முன்னால் விதைக்கான காயைக் கூடத்தில் கொட்டி, கையால் உடைப்போம். காயின் மூக்கைக் கட்டைவிரலால் அழுத்தினால் டப்பென்று வாய் திறக்கும். பருப்பின் மேலே உள்ள சிவப்புத் தோல் கிழியக் கூடாது. கிழிந்தால் மண்ணுக்குள் போனதும் அழுகிவிடும். ஒரு வாரம், பத்து நாள் இதே வேலை. டிவி ஓடும். பாப்பாத்தி அக்கா மாதிரி நாலைந்து பேர் வருவார்கள். ஊர்க்கதை எல்லாம் அங்கேதான் நடக்கும்.

நான் கல்யாணமாகி வந்த முதல் கார்த்திகையில் இரண்டாம் நாளே என் கட்டைவிரல் வீங்கிவிட்டது. சாதம் பிசைய முடியவில்லை. அந்த வலியில், கொழுகொழுவென்று இருந்த ஒரு பருப்பை யோசிக்காமல் வாயில் போட்டுக்கொண்டேன்.

அத்தை உடைப்பதை நிறுத்தினார்.

"என்னத்தை தின்ன?"

"ஒண்ணே ஒண்ணு அத்தை..."

"ஒண்ணுன்னா ஒரு செடி. சூம்பலா பாத்துத் தின்னு, நான் கேக்க மாட்டேன். நல்லது வாய்க்குப் போகக் கூடாது."

எல்லாருக்கும் முன்னால் சொன்னதால் எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து கவனித்தேன். அந்தக் கூடத்தில் எல்லாப் பெண்களும் தின்றுகொண்டேதான் உடைக்கிறார்கள். ஆனால் வாய்க்குப் போவது சுருங்கியதும் தோல் கிழிந்ததும்தான். கண் பார்க்கும் முன்னே விரல் பிரித்துவிடும். உடைத்து முடித்ததும் நூறு பருப்பை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார் அத்தை. நாலாம் நாள் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வயலுக்கு ஆள் சொல்லுவார்.

அதனால்தான் செந்திலைத் துளைத்தெடுத்தேன். "சாக்குல போட்டுப் பாத்தீங்களா?"

"பருப்பு நல்லா பளபளன்னு இருக்கு கவி."

"போட்டுப் பாத்தீங்களா?"

ஒரு நாளைக்கு மூன்று தடவை கேட்டேன். என் தொல்லை தாங்காமல்தான் வைத்தார்.

கூடையில் வந்த பருப்பு

நாற்பத்தொன்று என்று கேட்டதும் போனைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"வெதைக்காதீங்க."

"மழை பெஞ்சிருக்கு. சுத்தி எல்லாரும் வெதைக்கிறாங்க. கூட்டாளிங்களுக்கு நான் என்ன சொல்றது? கொஞ்சம் கூடுதலாத் தூவினா..."

"பாதிக்கு மேல அழுகுதுங்க. வேணாம். வெதைக்காதீங்க."

சொல்லிவிட்டு நானே பயந்துபோனேன். இத்தனை உறுதியாக நான் அவரிடம் எதையும் சொன்னதில்லை. பருப்பைப் போனுக்குப் பக்கத்தில் காட்டச் சொன்னேன். முளைக்காத ஒவ்வொன்றிலும் தோல் கீறியிருந்தது.

"இதை எப்படி உடைச்சீங்க?"

"டவுன்ல மிஷின் இருக்கு. இருந்த மூட்டையில பாதியைக் கொண்டு போயி..."

எனக்குப் பின்னால் காய் உடைக்கிற டப் டப் சத்தம் நின்றது. அந்த வாரம் எங்கள் வீட்டிலும் கூடம் முழுக்க விதைக்காய்தான். அத்தையும் பாப்பாத்தி அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். காதில் விழாத மாதிரி இருந்த அத்தை எழுந்து வந்து, பத்து மாதத்தில் முதல் தடவையாக என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"வெதைக்கடலைய மிஷின்ல ஒடைச்சியா?"

"அம்மா... நம்ம ஊர்லயும் மிஷின்லதானேம்மா ஒடைக்கிறோம்?"

"அது செக்குக்குடா! எண்ணெய் ஆட்டுறதுக்கு! வெதைக்கு யாரு ஒடைச்சா?"

செந்தில் பேரல் மேல் கிடந்த சாக்கைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தெரியலம்மா. வயலுக்கு வரும்போது கூடையில பருப்பாத்தான் இருக்கும்."

பாப்பாத்தி அக்கா கூடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "ஏந்தம்பி, கூடையிலயே காய்க்குதுன்னு நெனச்சுட்டியா?"

அத்தை சிரித்துவிட்டார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். அந்தப் பக்கம் செந்திலும், அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகத்தோடு.

அவருக்கு உழவு தெரியும். நீர் பாய்ச்சத் தெரியும். இலையைப் புரட்டிப் பார்த்தே என்ன நோய் என்று சொல்லுவார். பண்ணைக்குப் போட்ட திட்டத்தில் டிராக்டரின் பெல்ட் வரை எழுதியிருந்தார். ஆனால் கார்த்திகை மாதம் எங்கள் கூடத்தில் நடப்பது அதில் ஒரு வரியும் இல்லை. அவர் பிறந்த வீட்டில்தான் அது நடந்தது. பெண்கள் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தாண்டிப் போயிருக்கிறார். அவரைச் சொல்லி என்ன? ஐந்து வருஷம் விரல் வீங்க உடைத்த எனக்கே அது ஒரு விஷயம் என்று அன்றுவரை தோன்றவில்லை.

ஆக்னஸின் கட்டைவிரல்

மீதிப் பாதி மூட்டைகள் காயாகவே ஷெட்டில் இருந்தன. கையால் உடைத்தால் நாற்பது ஏக்கருக்கும் போதும். யார் உடைப்பது?

பண்ணைக்குக் களை எடுக்க வரும் பெண்களுக்குத் தலைவி மாதிரி ஒருவர் இருந்தார். பெயர் ஆக்னஸ். செந்தில் தயங்கித் தயங்கி அவரிடம் போய், விதைக்குக் கையால் உடைக்க வேண்டும், உங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தரட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நெடுநேரம் சிரித்தாராம்.

அவர்கள் ஊரில் கடலை பெண்களுடைய பயிர். அவருடைய அம்மா காலத்துக்கு முன்பிருந்தே போடுகிறார்கள்.

"மிஷினுக்கு மூட்டையை ஏத்துனப்பவே பாத்தாங்களாம்" என்று செந்தில் அன்று மாலை சொன்னார். "எண்ணெய்க்குப் போகுதுன்னு நெனச்சுக்கிட்டாங்களாம். வெதைக்குன்னு தெரிஞ்சிருந்தா லாரிக்கு முன்னாடி வந்து நின்னிருப்பேன்னு சொல்றாங்க."

"நீங்க கேட்டிருக்கணும்."

"ஆமா" என்றார். எனக்கு அந்த ‘ஆமா’ பிடித்திருந்தது.

மறுநாள் காலை அவர் கூப்பிட்டபோது ஷெட்டில் முப்பது பெண்கள். கடலைக் குவியலைச் சுற்றிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒரே பேச்சு, ஒரே சிரிப்பு. டிவி மட்டும்தான் இல்லை. நான் போனை அரிசி டப்பாவில் சாய்க்கும் முன்பே அத்தை கேட்டார்.

"இங்கிட்டுக் குடு. கையக் காட்டச் சொல்லு."

செந்தில் ஆக்னஸின் கைக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோனார். ஐம்பது வயதிருக்கும். முதுகில் துணியால் கட்டிய பேரக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் காயின் மூக்கில் விழுந்தது. டப். பருப்பு கூடைக்குப் போனது. டப். கூடைக்கு. டப். அடுத்த பருப்பை அவர் பார்க்கக்கூட இல்லை, நேராக வாய்க்குப் போனது.

அத்தை போனை முகத்துக்குக் கிட்டே இழுத்துக்கொண்டார். இன்னொன்று வாய்க்குப் போகும் வரை காத்திருந்து பார்த்தார்.

"சூம்பல்" என்றார்.

"என்ன அத்தை?"

"சூம்பலைத்தான் திங்கிறா. நல்லதைத் தொடல." பாப்பாத்தி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியாடி? நல்லதைத் தொடல!"

ஆக்னஸ் நிமிர்ந்து, யார் என்று கேட்டார். ‘அம்மா’ என்றார் செந்தில். அந்த அம்மா தன் கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினார். நகத்தைச் சுற்றித் தோல் தடித்துக் கறுத்திருந்தது. அத்தையும் பதிலுக்குத் தன் விரலைத் திரைக்கு முன்னால் நீட்டினார். பேசியிருந்தாலும் புரிந்திருக்காது. பிறகு வேலை இருக்கிறது என்கிற மாதிரி இருவருமே குனிந்துகொண்டார்கள்.

அன்று மத்தியானம் காய் நறுக்கும்போது பாம்பைப் பற்றி ஒன்றும் வரவில்லை. "முதுகுல கட்டிக்கிட்டே எப்படி வேலை பாக்குறா" என்று மட்டும் வந்தது.

இருபது வரை

கையால் உடைத்ததில் நூறு பருப்பைச் சாக்கில் வைத்தார் செந்தில். அந்த நான்கு நாளும் எனக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி. மழை நின்றுவிட்டால்? நான் சொன்னதால் பருவம் தவறிவிட்டால்? ‘வெதைக்காதீங்க’ என்று சொல்ல நான் யார்? கூட்டாளிகள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று வேறு சொல்லியிருந்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஈரப் பஞ்சில் வெந்தயம் முளைக்கவைத்துக் காட்டியவள், நாற்பது ஏக்கரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நாலாம் நாள் காலை பத்து மணி. சாக்கை அவிழ்க்கும்போது நான் திரையைப் பார்க்கவில்லை. யாழினியை மடியில் வைத்து அவள் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாலு மொளைச்சிருக்கு!" என்றாள் அவள்.

"நீயே எண்ணு தங்கம்" என்றார் அப்பா. முளைத்ததை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

அவளுக்கு இருபது வரைதான் தெரியும். இருபது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாவது இருபது. மூன்றாவது. அத்தை காய் உடைப்பதை நிறுத்திவிட்டு விரலை மடக்கிக்கொண்டிருந்தார். நான்காவது இருபது. அதற்கு மேலும் அவள் எண்ணினாள். எட்டு. ஒன்பது. அதோடு நின்றது.

எண்பத்தொன்பது.

செந்தில் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்னால் யாரோ டிராக்டரைக் கிளப்பினார்கள்.

"நம்ம வீட்டுல போன வருசம் எம்பத்தி நாலுதான் வந்துச்சு" என்றார் அத்தை. கொஞ்சம் வருத்தமாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பொங்கல் கழிச்சுத்தானே சொன்னான்? டிக்கெட்டப் போடச் சொல்லு. நான் ஆலங்குடிக்குப் போயி ஒன் நாத்தனா வீட்டுல கொஞ்ச நாள் இருந்துக்கிறேன். அவ பிள்ளைங்களையும் பாத்த மாதிரி இருக்கும்."

"அத்தை..."

"அழுகாத. அங்க வெதை ஒடைக்கும்போது இவளப் பக்கத்துல ஒக்கார வைக்காத, அம்புட்டுத்தான். அங்க பாரு."

யாழினியின் கன்னம் உப்பியிருந்தது. வாயைத் திற என்றேன். திறந்தாள். உள்ளே நல்ல கொழுத்த பருப்பு ஒன்று. அத்தை அதைப் பார்த்தார், பிடுங்கவில்லை.

"பொங்கல் கழிச்சு டிக்கெட் போடுங்க" என்று செந்திலிடம் சொன்னேன். வைத்தேன். மணையில் உட்கார்ந்து காயை அள்ளி முறத்தில் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் போன் அடித்தது. அவர்தான்.

"என்ன கவி, பத்து நிமிஷம் ஆச்சு. கூப்பிடலயே?"

"கையில வேலை இருக்குங்க" என்றேன். "வெதை ஒடைச்சிட்டிருக்கேன்."